கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: 1969 கமாரோ எஞ்சின் போல்ட்டுகள்

மூன்று மாதமாக என் கராஜில் ஒரு 1969 செவ்ரலே கமாரோ நிற்கிறது. எஞ்சின் 350 கன அங்குல வி8. சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்புத் தேதி 'பி 20 9', அதாவது 1969 பிப்ரவரி 20. முன்பக்க மேடையில் 'வி0306' என்று தொடங்கும் முத்திரை: மிச்சிகனின் ஃப்ளின்ட் எஞ்சின் ஆலை, மார்ச் 6. ஃப்ளின்ட் இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். பக்கத்திலேயே குத்தியிருக்கும் வரிசை எண்ணும் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறது. ஆக, பிளாக் இந்த வண்டியில் பிறந்ததே. போல்ட்டுகளில்தான் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை. அவற்றில் எவை ஃப்ளின்டில் பூட்டியவை, எவை பிறகு வந்து சேர்ந்தவை என்று கண்டுபிடிப்பதுதான் இப்போதைய வேலை.

முதல் நாளே ஒரு தப்பு செய்துவிட்டேன். எஞ்சினின் முன்பக்கச் சங்கிலியை மூடும் டைமிங் கவரின் பத்து போல்ட்டையும் கழற்றி, துரு நீக்கும் திரவத்தில் ஊறப்போட்டு, சுழலும் வயர் பிரஷ்ஷில் காட்டினேன். பளபளவென்று வந்தன. அப்புறம்தான் உறைத்தது: தலையில் இருந்த பெயின்ட் போச்சு, துருவைத் தடுக்கும் பழைய பாஸ்பேட் பூச்சின் கருமையும் போச்சு. அந்தப் பத்தும் அசல்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மரையும் நீளமும் சரியாக இருக்கின்றன, அவ்வளவுதான். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். பெரிய அட்டையில் இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் கொண்டுபோகும் பாகம்) வரைந்து, ஒவ்வொரு துளைக்கும் ஓர் ஓட்டை போட்டு, போல்ட்டைக் கழற்றியவுடன் அதன் இடத்திலேயே செருகி வைத்தேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன். கழுவவில்லை, துடைக்கவும் இல்லை.

இன்டேக்கில் மொத்தம் 12 போல்ட். 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. செவ்ரலே எஞ்சினை ஆலையில் இன்டேக், டைமிங் கவர் எல்லாம் பூட்டிய பிறகே ஆரஞ்சு பெயின்ட் அடித்தார்கள். அதனால் அசல் போல்ட்டின் தலையில் பெயின்ட் இருக்கும், தலைக்கு அடியில் இருக்காது. ஐந்தாவது போல்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பெயின்ட் தலையிலிருந்து வழிந்து மேனிஃபோல்டின் இரும்பு வரை ஒரே தோலாக ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்ட கீறல் ஒரு மூலையிலும் இல்லை. திருகியதும் அந்தத் தோல் வட்டமாக விரிசல் விட்டது. எடுத்துத் திருப்பினால், தலையின் அடிப்பக்கம் வெறும் கருஞ்சாம்பல். 55 வருஷமாக யாரும் இதைத் தொட்டதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போல்ட்டின் தலையில் 'டிஆர்' என்ற எழுத்தும் மூன்று கோடுகளும் இருந்தன. எழுத்து தயாரித்தவரின் குறி: டவுன் ராபின்சன், மிச்சிகன் நிறுவனம். கோடுகள் வலிமையைச் சொல்பவை. மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8, கோடே இல்லாவிட்டால் பெரும்பாலும் கிரேடு 2. 12ல் 9 போல்ட்டில் 'டிஆர்', இரண்டில் 'டபிள்யூபி', ஒன்றில் எதுவுமே இல்லை. குறி இல்லாததை உடனே ஒதுக்கிவிடக் கூடாது. போலி போல்ட்டுகள் சந்தையில் புகுந்த பிறகு, 1990ல்தான் கிரேடு போல்ட்டுகளில் தயாரிப்பாளர் குறி வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது. 'டிஆர்' இருப்பதால் மட்டும் ஒரு போல்ட் அசலாகிவிடாது என்பதும் உண்மை. அதே குறியோடு வேறு வண்டியிலிருந்து கழற்றியதையும் வாங்கிப் போட்டிருக்கலாம். குறி, பெயின்ட், நீளம், இருந்த இடம் எல்லாம் ஒத்துப்போனால்தான் நான் 'அசல்' என்று எழுதுகிறேன். குறியில்லாத அந்த ஒன்றின் அடிப்பக்கத்திலும் ஆரஞ்சு இருந்தது. தனியாகப் பெயின்ட் அடித்துப் பூட்டியது, சரி, விலக்கினேன்.

ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் அதிர்ச்சி. 1969ல்தான் கமாரோவில் வாட்டர் பம்ப் நீளமாகி, ஆல்டர்னேட்டர் வலப்பக்கம் போய், சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் முனையில் பிராக்கெட்டுக்கென்று துளைகள் வந்தன. அந்தத் துளையில் இருந்த போல்ட்டின் தலையில் '8.8' என்று இருந்தது. அது மெட்ரிக் குறி. இந்த எஞ்சினில் அதற்கு வேலையே இல்லை. 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் போல்ட்டை அதில் யாரோ வலுக்கட்டாயமாக ஏற்றியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பின் மரை நொறுங்கி, தூளாகக் கொட்டியது. துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை வைக்க வேண்டும்.

ஹெட் போல்ட்டுகள் 34. ஒரு பக்கத்துக்கு 17, மூன்று நீளம்: 16 குட்டை, 4 நடுத்தரம், 14 நீளம். பல துளைகள் நீர்ப்பாதைக்குள் திறப்பதால், அங்கிருந்த போல்ட்டுகளின் நுனியைத்தான் துரு தின்னும். ஒவ்வொன்றிலும் ஒரு புது நட்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். 31ல் கடைசி வரை ஓடியது. மூன்றில் நுனி அரித்து, நட் பாதியில் நின்றுவிட்டது. இந்த மூன்றுக்குப் பழைய 'டிஆர்' தேடமாட்டேன், புதியதே போடுவேன். 65 அடி-பவுண்டு விசையில் முறுக்கி, சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் பழமையை விட பலம் முக்கியம். தேடல் எல்லாம் வெளியே கண்ணில் படும் போல்ட்டுகளுக்கு மட்டும். மறுபடி பூட்டும்போது மரையில் சீலன்ட் கட்டாயம்.

பெயின்ட் படாமல் வெளியே தெரியும் பிராக்கெட் போல்ட்டுகளுக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் செய்து பார்த்தேன். எண்ணெய்ப் பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட கொதிக்கும் கரைசலில் முக்கி, வெளியே எடுத்ததும் எண்ணெயில் போட்டேன். முதல் தடவை விரல் பட்ட இடங்களில் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டாவது தடவை கையுறை போட்டுக்கொண்டேன், கருஞ்சாம்பலில் ஒரே சீராக வந்தது. கடையில் கிடைக்கும் மஞ்சள் துத்தநாகப் பூச்சை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பத்தடி தள்ளியே தெரிகிறது. இன்டேக் போல்ட்டுகளுக்கு இது தேவையில்லை. எஞ்சினைப் பூட்டிய பிறகு ஃப்ளின்டில் அடித்தது போலவே மொத்தமாக ஆரஞ்சு அடிக்கப்போகிறேன்.

இன்றைய கணக்கு: இன்டேக்கில் 11 அசல், 1 தேட வேண்டும். டைமிங் கவரில் 10ம் சந்தேகத்தில். ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, நீளத்தை ஆலையின் அசெம்பிளி மேனுவலில் பார்த்துக் குறித்துவிட்டேன். ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு எடுத்துப்போவது வரும் சனிக்கிழமை.