வேலி தாண்டிய பயத்தங்காய்

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது பழைய தெரஸ் வீடு. முன்னால் காரை நிறுத்தியது போக மிஞ்சுகிற மண் ஒரு பாய் விரிக்கிற அளவுதான் இருக்கும். அதிலும் பாதியைக் கறிவேப்பிலை மரம் பிடித்துக்கொண்டது, மீதியில் பாண்டான் புதர். இருந்தும் போன பள்ளி விடுமுறையில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விதைப் பொட்டலம் ஒன்றைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. 3 வெள்ளி. மேலே பச்சைப் பசேலென்று கொடி பீன்ஸ் படம், மலாயில் காச்சாங் புஞ்சிஸ் என்று எழுதியிருந்தது.

பாண்டானைக் கொஞ்சம் வெட்டி இடம் பண்ணி நட்டேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால் மண் விரிந்திருக்கிறது, உள்ளேயிருந்து ஒவ்வொன்றும் முதுகை வளைத்துக்கொண்டு, விதைத் தோலைத் தொப்பி மாதிரி தலையில் போட்டுக்கொண்டு எழும்பி வருகிறது. பிள்ளைகளை எழுப்பிக் காட்டினேன். பெரியவன் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டான்.

கொடியெல்லாம் நன்றாகத்தான் ஏறியது, பூவும் வந்தது, ஆனால் ஒன்றுகூடக் காயாகவில்லை. தினமும் காலையில் தரையில் வெள்ளைப் பூ கொட்டிக் கிடக்கும், நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அம்மா காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா ஐயா, இது கேமரன் மலையில குளிர்ல வளர்ற சாதி. அதக் கொண்டாந்து இந்த வெயில்ல நிறுத்தினா என்ன பண்ணும்?"

விசாரித்ததில் அம்மா சொன்னதுதான் சரி. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பீன்ஸ் பூ பிஞ்சு பிடிக்கத் தடுமாறும், உதிர்ந்துவிடும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்ட்ராபெரி சாப்பிடலாம். செந்தூலில் மத்தியானம் 33 டிகிரி, நிழலில் நிற்கிற பூனைக்கே நாக்கு தள்ளும்.

சரி, பயத்தங்காய் போடலாம் என்று அம்மா முடிவு செய்தார். (நான் செய்யவில்லை. எங்கள் வீட்டில் மண் விஷயத்தில் என் முடிவு செல்லாது, அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.) சித்தி வீட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கை விதை வந்தது. ஊன்றினோம், முளைத்தது, ஒரு முழம் வளர்ந்ததும் நுனி ஆடத் தொடங்கியது.

இங்கேதான் எனக்கும் கொடிக்கும் சண்டை ஆரம்பித்தது. நான் கயிறு கட்டி, நுனியை எடுத்துப் பக்குவமாக வலமாகச் சுற்றிவிட்டேன், கோயில் பிரகாரத்தில் சுற்றுவது மாதிரி. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் சுற்றெல்லாம் அவிழ்ந்து, நுனி கயிற்றை விட்டு விலகிக் காற்றில் நிற்கிறது. மறுபடி சுற்றினேன், நூல் போட்டும் கட்டினேன். மறுநாள் கட்டுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு, கட்டுக்கு மேலே தன் இஷ்டத்துக்கு இடமாகச் சுற்றி ஏறியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அவரை, பீன்ஸ், பயறு எல்லாமே கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுற்றுமாம். நுனி ஒரு வட்டம் போட்டுப் பிடிமானம் தேட ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எனக்குத் தெரிந்திருந்தால் அத்தனை நூல் மிச்சமாகியிருக்கும். அம்மாவிடம் சொன்னதற்கு, "அது ராகு கேதுவைச் சுத்துதுடா, நீ விடு" என்றார்.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். சீக்கிரம் காய்க்கட்டும் என்று கோழிச்சாணத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். பயறு வகை வேர் முடிச்சில் இருக்கிற பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும் என்பது அப்போது என் நினைவில் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு மறுபடி இலை போட்டது மாதிரி ஆயிற்று. கொடி இலையாகப் போட்டுத் தள்ளியது, ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது, பூ மட்டும் இல்லை. அசுவினி வந்தது, அதைத் தேடி எறும்பு வந்தது, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி விரட்டினேன். எங்கள் போர்ச் கூரை நிழல் வேறு. மனைவி தினமும் ஒரே கேள்விதான், "இன்னிக்காவது சமைக்கலாமா?"

நாங்கள் ஒரு வாரம் தைப்பிங் போய்த் திரும்பிய நேரத்தில் கொடி வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி துணி காயப்போடுகிற மூங்கில் கழி சரியாக அங்கே இருக்கிறது, பயத்தங்காய்க்கு இதைவிட நல்ல பந்தல் கிடைக்குமா? ஒரு நாள் மழை பெய்து துணி இரவெல்லாம் வெளியே கிடந்ததில், அங்கிளின் அரைக்கால் சட்டையில் ஒரு காலை நாலு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது. அவர் அதை இழுத்துப் பார்த்தார், அவிழ்த்துப் பார்த்தார், கடைசியில் கத்திரி எடுத்து வந்தார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, வெட்டப்போவது கொடியையா சட்டையையா என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியில் ஒரே ஒரு கிளைதான் போனது.

மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும் என்று நினைத்து நினைத்தே மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்ட்டியே கேட்டுக்கு வந்துவிட்டார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுப் பயத்தங்காய், ஒவ்வொன்றும் ஒன்றரை முழம், கிள்ளினால் டக்கென்று ஒடிகிற பிஞ்சு.

"தம்பி, அம்பில் லா," என்றார். தம்பி என்ற வார்த்தையை அம்மாவிடம் பிடித்துக்கொண்டார். அப்புறம் மலாயில் விளக்கம்: அவர் வீட்டில் எதுவுமே நடவில்லையாம், தானாக வந்ததாம், காலை வெயில் நன்றாக விழுகிறதாம், ஜோடி ஜோடியாகத் தொங்குகிறதாம், ஏற்கெனவே இரண்டு தடவை உடைத்துக் காய்ந்த இறாலோடு வதக்கியாயிற்றாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா, "தெரிமா காசே, ஆன்ட்டி!" என்று கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் பயத்தங்காய்ப் பிரட்டல். நல்ல ருசி என்று சொல்லத்தான் வேண்டும், என் கோழிச்சாணம் அல்லவா.

சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் மறுபடி கேட் சத்தம். ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டி, எங்கள் பக்கத்து இலைக்காட்டைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பழைய சீனப் பத்திரிகையில் மடித்த சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்தால் பழுப்பு விதை.

"உன் கொடி நல்ல சாதி இல்லை தம்பி, வெறும் இலை. பிடுங்கிப் போட்டுவிட்டு இதை நடு."