இரண்டு விரல் இடைவெளி

அந்தத் துண்டை நான் இறுக்கிக் கட்டவில்லை என்பதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் கையில் கட்டினேனோ அவரிடம் சொல்வதற்கு மட்டும் ஒன்பது மாதம் ஆயிற்று.

வேலூர் பக்கத்து அமிர்திக்கு மேலே, மாணவர்களோடு சமையலுக்கு நின்ற ஓடைக்கரையில், அடுப்புக் கூட்டுவதற்காகக் கல்லைப் புரட்டிய அண்ணனின் வலது கையில் கடி விழுந்தது. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த அவர், எங்கள் மலைநடைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சுமை தூக்கி வருபவர். எனக்கு வழி காட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கல்லுக்கடியில் ஒன்றரைச் சாண் நீளமிருந்த பாம்பு சுருண்டு, உடலை உடலோடு உரசி, ரம்பம் இழுப்பது போல ஓசை எழுப்பியது. சுருட்டை விரியன் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"கட்டு தம்பி, இறுக்கிக் கட்டு, ஏறிடப் போவுது" என்றார்.

"கட்டக் கூடாதுண்ணே."

"அப்போ கத்தியக் குடு, நானே கீறிக்கிறேன்" என்று எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த மூன்று வரிகளை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக்கொடுப்பதுதான்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். விரியன் நஞ்சு கடித்த இடத்துச் சதையையும் அழிப்பதால், இறுகக் கட்டினால் அது அங்கேயே தேங்கிக் கையைக் கெடுக்கும். கைகால் அசைய அசைய நஞ்சு விரைந்து பரவுவதால், கடிபட்டவரை நடக்கவிடாமல் அமைதியாகப் படுக்கவைப்பதே முதல் வேலை. ஆனால் அவரை அமைதிப்படுத்தக்கூடிய ஒரே பொருள் அவர் தோளில் கிடந்த துண்டுதான் என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆகவே கட்டினேன். முதலில் செம்பு மோதிரத்தைக் கழற்றி, மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றை அறுத்தேன். வீங்கினால் இரண்டும் கையை வெட்டும். கயிற்றை அறுத்ததற்கு அவர் முகம் சுருங்கியது, கோயில் கயிறு. பிறகு துண்டைக் கிழித்து முழங்கைக்குக் கீழே சுற்றி, என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர விட்டு, முடிச்சை மட்டும் பலமாகப் போடுவது போல முகத்தை வைத்துக்கொண்டு இழுத்தேன். "இறுக்கிட்டேண்ணே" என்றேன். கையோடு ஒரு குச்சியையும் வைத்துக் கட்டினேன். அவர் படுத்துவிட்டார்.

மாணவர்கள் இரண்டு கழிகளில் போர்வையைக் கட்டித் தூக்கினார்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் மருத்துவமனை சேருமுன் இறந்துபோனதை அவர்களில் ஒருவன் வழியில் சொல்லத் தொடங்கினான். நான் அதட்டி நிறுத்தினேன். 108 வண்டி நின்ற இடத்துக்கு இறங்க ஒன்றரை மணி நேரமாயிற்று. கணியம்பாடி வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை. செவிலியர் கத்தரிக்கோலால் துண்டை வெட்டி எடுத்தார்.

"யார் கட்டியது?" என்று மருத்துவர் கேட்டபோது, அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து, "சும்மா கட்டினது சார், ரெண்டு விரல் நுழையும்" என்றேன். மருத்துவரிடம் உண்மை, அண்ணனிடம் பொய் என்று அன்று எனக்குள் வகுத்துக்கொண்டது சரியாகவே பட்டது. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தார்கள். தண்ணீர் போல ஓடியது. உறையவில்லை. பத்துக் குப்பி நச்சுமுறிவு மருந்து ஏற்றினார்கள். குதிரையிடமிருந்து எடுக்கும் அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறார்கள் என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த இரவு அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை, குழாய் மட்டுமே கண்ணில் நின்றது.

அவர் பிழைத்தார். கை பழையபடி வேலை செய்கிறது. ஊரில் போய், "தம்பி கட்டுன கட்டுதான் என்னக் காப்பாத்திச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொல்லையில் கடிபட்ட இளைஞனுக்கு நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். கடித்தது சாரையாகக்கூட இருந்திருக்கலாம், பார்த்தவர் யாருமில்லை. நான் பார்க்கப் போனபோது அவனுடைய இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. "நீங்க கட்டுன மாதிரிதான் சார் கட்டுனோம்" என்றார் அவன் தாய், குறையாக அல்ல, நன்றியோடு. ஊரெல்லாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருந்தது, என்னால் புதிதாக ஒன்றும் நேரவில்லை என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் அல்ல. ஆனால் முன்பு அவர்கள் என் பெயரைச் சொல்லிக் கட்டியதில்லை.

அதன் பிறகுதான், போன மாதம், அண்ணனிடம் சொன்னேன்: "அன்னைக்கு நான் இறுக்கிக் கட்டலண்ணே. சும்மா உங்க மனசுக்காகக் கட்டினேன்."

அவர் சிரித்தார். "இறுக்கமாத்தான் இருந்துச்சு தம்பி. ரெண்டு நாளு தடம் இருந்துதே" என்று முழங்கைக்குக் கீழே விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

கயிறு இருந்தது மணிக்கட்டில். அவர் காட்டியது துண்டு இருந்த இடம். தளரக் கட்டிய துணி, கை வீங்க வீங்கத் தானே இறுகிவிடும் என்பதும் நான் வகுப்பில் சொல்வதுதான். முதல் தடவை அவரை இறக்கி வைத்தபோது விரலை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. அதற்குப் பிறகு பார்த்ததாக நினைவில்லை. செவிலியர் ஏன் முடிச்சை அவிழ்க்காமல் கத்தரிக்கோலை எடுத்தார் என்பதை அன்று நான் யோசிக்கவும் இல்லை.