மேகமும் புதரும்

கோத்தகிரியில் மூன்று நாளாக விடாத மழை. பரணில் கிடந்த டிவி கேமை இறக்கி, கேசட்டை ஊதிச் சொருகினேன். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ ஓடியது! மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்தான். இடத்தை மிச்சம் பிடிக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். சின்ன வயதில் அண்ணனும் நானும் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது பார்க்கப் பார்க்க அவ்வளவு பிரியமாக இருக்கிறது.

அப்புறம் ராத்திரி செலஸ்ட் என்கிற கேம், 2018-இல் வந்தது. ஒரு பெண் தன் மனப்பதற்றத்தோடு மலையேறுகிற கதை. அவள் கால் பாறை விளிம்பைத் தாண்டிப் போன பிறகும், ஒரு கண நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் தாவ விடுவார்கள். விளையாடுகிறவர் மேல் என்ன ஒரு கரிசனம்! ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, திரையிலும் மலை.

அண்ணா, லீவுக்கு வரும்போது உன்னிடம் இருக்கிற இரண்டாவது ரிமோட்டை எடுத்து வா.