சாக்பீஸ் தின்ற ஓநாய்

பாட்டுகளை முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவுசெய்து, மேடையில் பிள்ளைகள் வாயசைத்தால் போதும் என்று எடுத்த முடிவைப் பற்றி எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து இல்லை. திறந்த மைதானம், வாடகை ஸ்பீக்கர், மூச்சிரைக்க ஆடிக்கொண்டே பாட வேண்டிய பிள்ளைகள். சட்டையில் குத்திய மைக் துணியில் உரசி எழுப்பும் சத்தத்தை ஒரு ஆண்டு விழாவில் கேட்டவர்கள்கூட என்னோடு இதற்காக வாதாட வர மாட்டார்கள். என் உறுத்தல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியைப் பற்றியது. அதற்கு நான் சொன்ன பதிலைப் பற்றியது என்றும் சொல்லலாம்.

"ஓநாய்க்குக் கரகரப்பான குரல் இருந்தால்தானே சார் சரி?"

"அது கதையில், தம்பி. மேடையில் சுருதி வேண்டும்."

சரி சார் என்றான். நான் சீருடை அளவு எடுக்க வந்த தையல்காரரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவன் வாய்க்கு வந்ததைக் கேட்கவில்லை. அந்த நாடகமே ஓநாயின் குரலைப் பற்றியது, அதை எழுதியவனும் நான்தான். காட்டில் ஒரு நீதிமன்றம். சிவப்புத் தொப்பிச் சிறுமி, மூன்று பன்றிக்குட்டிகளில் மிஞ்சிய ஒன்று, ஏழு குட்டிகளின் தாய் ஆடு என மூன்று தரப்பும் ஒரே ஓநாய்மீது வழக்குப் போடுகிறார்கள். மூன்று கதையிலும் வந்தது ஒரே ஓநாய்தான் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் விளையாட்டு. எழுதுவதற்காகப் பழைய வடிவங்களைத் தேடிப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஓநாய் கெட்டவன் என்பதற்கு முதல் தடயம் பல்லோ நகமோ அல்ல, குரல். பிரெஞ்சுக்காரரான பெரோ 1697 இல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில், பாட்டியின் படுக்கையில் படுத்திருக்கும் ஓநாயின் கனத்த குரலைக் கேட்டுச் சிறுமி முதலில் பயப்படுகிறாள். பிறகு பாட்டிக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போகிறாள். அந்தக் கதையில் வேட்டைக்காரன் யாரும் வருவதில்லை. ஓநாய் அவளைத் தின்பதோடு கதை முடிகிறது. 1812 இல் வந்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஆட்டுக்குட்டிகள் இன்னும் உஷார். எங்கள் அம்மாவின் குரல் மென்மையானது, உன் குரல் முரடு, நீ ஓநாய் என்று கதவைத் திறக்க மறுக்கின்றன. ஓநாய் கடைக்குப் போய்ப் பெரிய சாக்குக்கட்டி ஒன்றை வாங்கித் தின்று, குரலை மெலிதாக்கிக்கொண்டு திரும்பி வருகிறது.

இந்த இடத்தை எங்கள் பிள்ளைகள் விட்டுவிடுவார்களா? ஒத்திகைக்கு ஒத்திகை வகுப்புச் சாக்பீஸ்கள் காணாமல் போயின. நான் ஓநாய்க்கு ஒரு பாட்டு எழுதினேன். நான் தின்றது குற்றமென்றால் தண்டியுங்கள், என் தொண்டை செய்த குற்றம் என்ன என்று அது கூண்டில் நின்று கேட்கும். நாடகத்தின் உயிர் அதுதான் என்று எனக்கு எண்ணம். கடைசியில் ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கல்லை வைத்துத் தைக்கும் காட்சியை முதல்வர் வேண்டாம் என்றார், ஒரு பேச்சும் இல்லாமல் எடுத்துவிட்டேன். கிரிம் சகோதரர்களே 1812 இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்த சொந்தத் தாயை 1819 பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கியவர்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் படிக்கும் கதை என்றால் யாரோ ஒருவருக்காக எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பாட்டில் ஒரு வரியைக்கூட யாரையும் தொட விடவில்லை.

ஜூலையில் ஆள் எடுக்கும்போது அந்தப் பையன் உச்சியில் இருக்கும் மேல் ஸட்ஜத்தை எட்டிப் பிடித்து நின்ற அழகைப் பார்த்துப் பாட்டு மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடமே அவனை ஓநாய் என்றுதான் கூப்பிட்டது, காவலாளி உட்பட. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து வந்தவனுக்குக் குரல் வேறு. பழைய நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் பருவம். இறங்கி முடியும்வரை அடுத்த ஸ்வரம் எங்கே போய் விழும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் சிறுவர்களே நடிக்கும் பால சபை தொடங்கிய காலத்தில், சிறுவர்களை நம்பி நடந்த நாடகக் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. குரலுக்காகக் கொண்டாடப்பட்ட பையனுக்கு ஒரு பருவம் முடிந்ததும் பாட்டில்லாத வேடம்தான் மிச்சம். அதுவும் இல்லையென்றால் திரைக்குப் பின்னால் ஏதாவது வேலை. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன்.

பாட்டு ஐந்து கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், போடப்பட்டிருந்தது. கோரஸ் பாடும் பெண் பிள்ளைகளுக்கு அதுதான் தோது. அவனோ பாதி ஏற்றத்தில் வரும் பஞ்சமத்திலேயே தடுக்கி விழுந்தான். ஓநாயின் பாட்டை மட்டும் இறக்கிவிடலாம், அவனுக்குக் கைக்கு அடங்குகிற ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் மெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார் பாட்டு மிஸ். கீபோர்டுக்காரர் கோரஸின் இசையை முடித்துக் கொடுத்துவிட்டிருந்தார். ஓநாய் பாடி முடிக்கும் இடத்தில்தான் கோரஸ் எடுக்க வேண்டும். அவன் ஒரு சுருதியிலும் அவர்கள் இன்னொரு சுருதியிலும் என்றால் இடையில் ஒரு பாலம் போட்டாக வேண்டும். போட முடியாது என்பதில்லை. கீபோர்டுக்காரரை இன்னொரு நாள் வரவழைக்க வேண்டும், அதற்குத் தாளாளரிடம் போய் நிற்க வேண்டும், அரையாண்டுத் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், ஒரே டேக்கில் பாடிவிடுவாள். பாடினாள். முதல்வர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நன்றாக வர வேண்டும் என்று மட்டுமே சொன்னார், அதன் பொருளை நான்தான் முடிவுசெய்தேன்.

அந்தப் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேரமில்லை தம்பி என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். உன் குரல் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது, வலிந்து பாடினால் தொண்டை கெடும் என்று சொல்லியிருந்தால் அதிலும் பொய்யில்லை, கேட்கவும் ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொன்னதிலும் பொய்யில்லைதான். ஆனால் கதைக்கு ஒரு நியாயம், மேடைக்கு ஒரு நியாயம் என்று பிரித்துச் சொன்னவன், அந்த இரண்டும் வேறில்லை என்று நிரூபிக்கவே பாட்டு எழுதியவன். ஒரு பையனை அப்போதைக்கு அனுப்பிவைக்க ஏதோ சொன்னேன், அவ்வளவுதான் என்று மனைவி சொல்கிறாள். அப்போதைக்கு அனுப்பிவைக்கச் சொல்வதைத்தான் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். இப்படிச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் பெரிதாக்குகிறேனோ என்றும் தோன்றும்.

விழாவன்று அவன் நன்றாகவே ஆடினான். வாயசைப்பு துல்லியம். பாடிய பெண் அதே மேடையில் ஆட்டுக்குட்டி வேடத்தில் கதவுக்குப் பின்னால் நின்றாள்; அழைப்பிதழில் அவள் பெயர் ஏழு குட்டிகளில் ஒன்றாக மட்டும் இருந்தது. உன் குரல் முரடு என்று அவள் சொன்ன கணத்திலேயே அவளுடைய குரலில் ஓநாய் பாட ஆரம்பித்தது. ஒத்திகைகளில் இது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. இரண்டாவது சரணத்தில், தொண்டை செய்த குற்றம் என்ன என்ற வரி வரும்போது, பையன் வாயை இறுக மூடிக்கொண்டான். ஒரு கையைத் தொண்டையில் வைத்து, மற்றொரு கையால் ஸ்பீக்கரைக் காட்டினான். பாட்டு தேனாக ஓடிக்கொண்டிருந்தது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. சாக்பீஸ் தின்ற ஓநாயின் குரல் அதற்கே அந்நியமாகிவிட்டது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். சிறப்பு விருந்தினர் தன் பேச்சில் அந்த இடத்தைக் குறிப்பிட்டு, இயக்கிய ஆசிரியரின் கற்பனையைப் பாராட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன். ஆயிரம் பேருக்கு முன்னால் வேறென்ன செய்ய முடியும்? அது என் யோசனை இல்லை என்று மைக்கை வாங்கிச் சொல்வதா? முதல்வரிடமாவது மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் பள்ளி விடுமுறை.

பிறகு ஒருநாள் வராந்தாவில் அவனை நிறுத்தி, வேண்டுமென்றேதான் வாயை மூடினாயா என்று கேட்டேன்.

"வரி மறந்துவிட்டது சார்."

மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த வரி. மறந்தவன் ஸ்பீக்கரைக் காட்டுவானா? மறந்ததை மறைக்க அந்தக் கணத்தில் அப்படி ஒன்று தோன்றியிருந்தால் அவன் என்னைவிடப் பெரிய நாடகக்காரன். கோபத்தில் செய்திருந்தால் அந்தக் கோபம் என்மேல்தான். எட்டாம் வகுப்புப் பையன் அவ்வளவெல்லாம் யோசிக்க மாட்டான், யோசிப்பவர் நீங்கள்தான் என்கிறார் பாட்டு மிஸ். கூத்தில் பின்பாட்டுக்காரர் இல்லையா, வேடம் கட்டியவன் களைக்கும்போது அவர்தானே எடுத்துப் பாடுகிறார் என்று நான் அவரிடம் வாதம் செய்து பார்த்தேன். கூத்தில் வேடக்காரனும் பாடுகிறானே, அவன் பாடியதைத்தானே பின்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிக்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சி நன்றாக வந்தது என்பது என் கட்சி. அந்தச் சிரிப்பு வந்ததே பாட்டுக்கும் அவன் தொண்டைக்கும் நாங்கள் வைத்த இடைவெளியால்தான், அவனே பாடியிருந்தால் அது வந்திருக்காது. ஆக, முடிவு சரி என்றாகிறது. இந்தக் கணக்கு எனக்கே பிடிக்கவில்லை.

இந்த ஆண்டு தவளை இளவரசன். கிரிம் கதையில் முத்தம் கிடையாது, இளவரசி தவளையைச் சுவரில் வீசி எறிகிறாள்; அதிலிருந்தே தொடங்குகிறோம். மெட்டுகளைக் கீழ்ச் சுருதியிலும் தயார் செய்யச் சொல்லி, கீபோர்டுக்காரருக்கான கூடுதல் செலவுக்கு முன்கூட்டியே தாளாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட அவனுக்குக் குரல் இப்போது தாழ்ந்த சுருதியான ஒன்றரைக் கட்டையில் கனமாக நின்றுவிட்டது, தவளைக்கு அளவெடுத்தது போல இருக்கும். கூப்பிட்டுக் கேட்டேன். லைட் போடும் வேலை இருந்தால் கொடுங்கள் சார் என்றான். நடிப்பு அலுத்துவிட்டதா என்றதற்கு, லைட் பிடித்திருக்கிறது என்றான். கொடுத்திருக்கிறேன். தவளைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.