ஏழும் எட்டும்

2025 பெப்ரவரி 7, வெள்ளி

ட்ரீம் தியேட்டரின் புதிய ஆல்பம் ‘பாராசோம்னியா’ வந்துவிட்டது. எட்டுப் பாட்டு, 71 நிமிடம். காலை பஸ்ஸில் ஏறியதும் காதில் போட்டேன். தலவாக்கலையில் இறங்கும்போது மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடையைத் திறந்து, போட்டோகொப்பி மெஷினைச் சூடேற வைத்துவிட்டு மிச்சத்தைக் கேட்டேன்.

ட்ரீம் தியேட்டர் அமெரிக்க ப்ரோக்ரசிவ் மெட்டல் இசைக்குழு. அதன் டிரம்ஸ்காரர் மைக் போர்ட்னாய் 2010இல் குழுவை விட்டுப் போனார். 2023 ஒக்டோபரில் திரும்பி வந்தார். அவர் வாசித்து இவர்களின் ஆல்பம் ஒன்று வருவது 2009க்குப் பிறகு இதுதான். நான் இந்த இசைக்குள் வந்தபோது அவர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார். அவர் வாசித்ததையெல்லாம் பழைய ஆல்பங்களாகத்தான் கேட்டு வளர்ந்தேன். புதிதாக வந்த அன்றே கேட்பது இன்றுதான். ‘நைட் டெரர்’ ஏற்கெனவே தனியாக வெளிவந்த பாட்டு என்றாலும், அதில் டிரம்ஸ் உள்ளே விழுந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

கொழும்பிலிருந்து மச்சான் ஒரே வரி அனுப்பியிருக்கிறான்: “கேட்டியா? சிவராத்திரிக்கு வாறன், பேசுவம்.”

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்பு கரண்ட் போனது. நாடு முழுக்கவாம். குரங்கு ஒன்றுதான் காரணம் என்று பின்னேரம் செய்தி வந்தது. போனில் 60 வீதம் சார்ஜ் இருந்ததால் நானும் தங்கச்சியும் வாசற்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். எந்த ஆல்பம் முதலாவது என்ற சண்டை அங்கேதான் தொடங்கியது.

அவளுக்கு 1999இல் வந்த ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’. மச்சானுக்கு எப்போதுமே 1992இன் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’. எனக்கு 1994இன் ‘அவேக்’. ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், சண்டையின் நடுவில் எனக்குச் சொல்ல வராது.

‘அவேக்’கில் ஒரு ஆள் எழும்பிப் போகிற சத்தம் கேட்கிறது. கீபோர்ட் வாசித்த கெவின் மூர், ஆல்பம் வெளிவருவதற்குள்ளேயே விலகிவிட்டார். கடைசிப் பாட்டு ‘ஸ்பேஸ்-டை வெஸ்ட்’ அவர் தனியாக எழுதியது. மற்றப் பாட்டுகளில் கிற்றார் மலையைப் புரட்டுகிறது. இதிலோ பெரும்பாலும் பியானோவும் குரலும்தான். அவர் போன பிறகு இருபது வருடம் அதை இவர்கள் மேடையில் வாசிக்கவே இல்லை, 2014இல்தான் எடுத்தார்கள். செத்த வீட்டில் ஒருவரின் கதிரையை யாரும் தொடாமல் விடுவதுபோல விட்டிருந்தார்கள் என்றே எனக்குப் படும்.

தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்துக்கும் மார்க்ஸ் போடாத” என்றாள். அதில் நியாயம் இருக்கிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. கடையில் வேலையும் இல்லை. ‘பாராசோம்னியா’வின் கடைசிப் பாட்டு ‘தி ஷேடோ மேன் இன்சிடென்ட்’ இரண்டு தடவை கேட்டேன். பத்தொன்பது நிமிடமும் எங்கேயும் தொய்யவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

காலையில் கடும் பனி. அடுப்படியில் தங்கச்சி அம்மாவுக்கு ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ கதையைச் சொன்னாள். நிக்கலஸ் என்று ஒருவன், அவனை ஹிப்னாடிசம் செய்கிறார்கள், போன பிறவியில் தான் விக்டோரியா என்ற பெண்ணாக இருந்ததும் 1928இல் கொலையானதும் தெரிய வருகிறது. வெள்ளைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளப் பாட்டு வரிகளைப் பிரித்துப் பிரித்துப் படிப்பார்கள். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “அப்ப கொன்னவனும் திரும்பப் பொறந்திருப்பானே?” என்று கேட்டார். தங்கச்சி எழும்பி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஆல்பத்தின் முடிவே அந்தக் கேள்விதான்.

என் பட்டியலில் அது இரண்டாம் இடத்துக்கு ஏறுகிறது. ‘தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்’ பாட்டை அம்மா முழுசாகக் கேட்டார்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

மச்சான் நேற்று ரயிலில் வந்தான். இரவு கோயிலில் முழிப்பு. நடுவில் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து தேத்தண்ணி குடித்தோம், சித்தப்பாவும் இருந்தார். சித்தப்பா தப்பு, அதாவது பறை, அடிப்பவர். அவருடைய அப்பா தோட்டத்தில் பிரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடித்தவர்.

மச்சான் முதலில் ‘தி டான்ஸ் ஒஃப் எடர்னிட்டி’யைப் போட்டான். ஆறு நிமிடச் சொச்சத்தில் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிற பாட்டு, இசைக்குழுவின் கெட்டித்தனத்துக்கு எல்லாரும் முதலில் காட்டுவது. சித்தப்பா பாதி கேட்டுவிட்டு, “கை நல்ல கை. ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறானே, எவன் இதுக்குக் கால் வைப்பான்?” என்றார்.

அப்புறம் ‘லேர்னிங் டு லிவ்’. ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ஸின் கடைசிப் பாட்டு, பதினோரு நிமிடத்துக்கு மேல். வரிகள் பாஸ் வாசிக்கிற ஜோன் மியுங் எழுதியவை, எயிட்ஸ் பற்றியது. தொடக்கத்தில் கீபோர்ட் சுற்றிச் சுற்றி வரும். சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். முழங்காலில் விரல் போனது. மூன்றாவது சுற்றில் சொன்னார்: “ஏழு வருது. பொறகு எட்டு வருது. கடைசியா ஒரு சின்னக் கால கொறைச்சிட்டுத் திரும்பப் புடிக்கிறான்.”

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு சுற்றுக்குப் பதினைந்து அடி என்று நாங்கள் எங்கேயோ படித்துத்தான் தெரிந்துகொண்டோம். தகிட தகதிமி, தகதிமி தகஜுனு என்று விரல்விட்டு எண்ணிப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டால், “எண்ணாதடா, அவன் எங்க மூச்சு எடுக்கிறான்னு கேளு” என்கிறார்.

நான் இத்தனை நாள் கிற்றாரையும் குரலையும்தான் பின்தொடர்ந்திருக்கிறேன். கிற்றார் வாசிக்கிற பெட்ரூச்சி எங்கே போகிறார், பாடுகிற லப்ரீ எங்கே ஏறுகிறார் என்று. அடியில் மியுங்கும் போர்ட்னாயும் என்ன செய்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. 1985இல் பெர்க்லி இசைக் கல்லூரியில் பெட்ரூச்சியோடு சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கிய மூவரில் இரண்டு பேர் அவர்கள்.

மார்ச் 4, செவ்வாய்

தோட்டத்தில் காமன் கூத்துக்கு, மன்மதன் ரதி கதைக்கு, காமன் ஊன்றியாயிற்று. இரவில் கூத்துப் பழக்கம், அதாவது ஒத்திகை, நடக்கிறது. மச்சான் கொழும்புக்குத் திரும்பிவிட்டான்.

இந்த வாரம் எல்லா ஆல்பத்தையும் அடியிலிருந்து கேட்கிறேன். ‘பாராசோம்னியா’வில் ‘பெண்ட் த க்ளொக்’ எனக்கு முன்பு வெறும் மெதுவான பாட்டு. இப்போது அதன் முடிவில் கிற்றார் பறக்கும்போது கீழே டிரம்ஸ் எவ்வளவு பொறுமையாக இருக்கிறது என்று கேட்கிறது. போர்ட்னாய் இல்லாதபோது டிரம்ஸ் வாசித்த மாஞ்சினி காலத்து ஆல்பங்களையும் இப்படியே திரும்பக் கேட்க வேண்டும், அவர் வாசித்த ‘தி ஏலியன்’ பாட்டுக்குத்தான் 2022இல் கிராமி விருது கிடைத்தது. போர்ட்னாய் மேலுள்ள பாசத்தில் அவருக்கு நான் சரியாகக் காது கொடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இரவு பழக்கத்தின் நடுவில் தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டினார்கள். ரதி வேசம் கட்டுகிற பையன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். சித்தப்பா தப்பைச் சூடுகாட்டிவிட்டு, சோதித்துப் பார்ப்பதுபோல அடிக்கத் தொடங்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு, எட்டு. ஏழு, எட்டு. பக்கத்தில் இருந்த மற்றத் தப்புக்காரர் உள்ளே வரப் பார்த்து இரண்டு தடவை தவறவிட்டார், மூன்றாம் தடவை பிடித்துவிட்டார்.

நாற்பது வினாடி போனில் பதிந்து மச்சானுக்கு அனுப்பினேன். இப்போது மணி ஒன்று பத்து. பதில் வந்திருக்கிறது: “நாலாவது சுற்றுல ஒரு அடி கூடிருச்சு. சித்தப்பாக்கிட்ட சொல்லாத. நாளைக்கும் பதிஞ்சு அனுப்பு.”