ரீஃப் டேங்க் டெஸ்ட் கிட்: முதல் காசு காரத்தன்மைக்கு

போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டார், "அண்ணே, புதுசா ரீஃப் டேங்க் வைக்கப் போறேன், எல்லா டெஸ்ட்டும் ஒரே பெட்டியில வருதே, அதையே வாங்கிடட்டுமா?" என்று. ரீஃப் டேங்க் என்றால் உயிருள்ள பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி. வேலைக்குக் கிளம்புகிற நேரம், ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. இந்த விஷயத்தில் தப்பு செய்துதான் என் முதல் அக்ரோபோரா பவளத்தைப் பறிகொடுத்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வரவேற்பறையில் இரண்டரை அடித் தொட்டி, சுமார் 150 லிட்டர். முதல் வருடம் ஜோவாந்தஸ், மஷ்ரூம் மாதிரி மென்பவளங்கள்தான் இருந்தன, அவை எதையும் தாங்கிக்கொண்டன. அப்புறம் ஆசைப்பட்டு அக்ரோபோரா ஒரு துண்டு வாங்கி வைத்தேன். கையில் இருந்தது காரத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற கார்பனேட், பைகார்பனேட் அளவை, சொட்டு எண்ணிப் பார்க்கிற கிட், ஒரு சொட்டுக்கு 1 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). தினமும் 8 என்று காட்டியது, நானும் காரத்தன்மையை ஏற்றுகிற சோடாக் கரைசலை அதே அளவில் விட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் கிளை நுனிகளில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போய் அவருடைய மீட்டரில் பார்த்தோம், 10.5. என் பாட்டிலின் மூடி பல மாதமாகச் சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. உள்ளே இருந்த நீர் ஆவியாகி அமிலம் கெட்டிப்பட்டிருக்க வேண்டும், அதனால் குறைந்த சொட்டிலேயே நிறம் மாறியிருக்கிறது. போதாததற்கு என் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் குறைவாக இருந்தன. அப்படிப்பட்ட தொட்டியில் காரத்தன்மை ஏறினால் நுனி எரிவது பலரும் பார்த்த ஒன்றுதான்.

காரத்தன்மைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில்தான் எடுக்கும். 2.8 டிகேஎச் காரத்தன்மை போனால் கூடவே 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கால்சியம் போகும். என் தொட்டி ஒரு நாளைக்கு 0.7 டிகேஎச் குடிக்கிறது. நாலு நாள் எதுவும் விடாமல் இருந்தால் காரத்தன்மை 8.4-இலிருந்து 5.6-க்கு இறங்கிவிடும், பவளத்துக்கு அது பெரிய அடி. அதே நாலு நாளில் கால்சியம் 420-இலிருந்து 400-க்கு மட்டும்தான் வந்திருக்கும், அதை எந்தப் பவளமும் கண்டுகொள்ளாது. கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிற வாரத்தில்தான் காரத்தன்மை சத்தமில்லாமல் சரிந்திருக்கும். அதனால் நல்ல கிட் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது காரத்தன்மைக்காக இருக்கட்டும்.

அதிலும் பெட்டியில் எத்தனை டெஸ்ட் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், ஒரு படி எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். தினம் 0.7 குறைகிற தொட்டியை ஒரு சொட்டுக்கு 1 காட்டுகிற கிட்டை வைத்து எப்படிக் கவனிப்பது? சாலிஃபெர்ட் கம்பெனி கிட்டில் 4 மில்லி தண்ணீர் எடுத்து, மருந்தைச் சிரிஞ்சில் விட்டால் சுமார் 0.3 வரைக்கும் பிரித்துப் படிக்கலாம். ஹன்னா செக்கர் என்கிற கையடக்க மீட்டர் 0.1 வரைக்கும் எண்ணாகவே காட்டும், ஆனால் அதன் துல்லியமே ±0.3-உம் அதற்கு மேல் 5 சதவீதமும்தான், அதனால் 8.2-க்கும் 8.4-க்கும் நடுவில் பதறி எதையும் ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே சொட்டு கிட் வாங்கிவிட்டவர்கள் தண்ணீரை இரண்டு மடங்கு எடுங்கள், ஒரு சொட்டு அரை டிகேஎச் ஆகிவிடும். நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், தொட்டியின் நீல விளக்கின் கீழ் எந்த நிறமும் நம்பும்படி இருக்காது.

எந்த கிட்டாக இருந்தாலும் புது பாட்டில் திறந்ததும், அப்புறம் அவ்வப்போதும் நான் ஒரு சோதனை செய்கிறேன். சமையல் சோடா 8.4 கிராமை ஆர்ஓ டிஐ தண்ணீரில் (வடிகட்டி உப்பெல்லாம் நீக்கிய சுத்தத் தண்ணீர்) கரைத்து 1 லிட்டர் ஆக்கிக்கொள்வேன். அதில் 30 மில்லி எடுத்து மறுபடியும் அதே தண்ணீரில் 1 லிட்டருக்குக் கொண்டுவந்தால் அந்தக் கரைசல் 8.4 டிகேஎச். கிட் 8-க்கும் 9-க்கும் இடையில் காட்டினால் சரி. வேறு எதையாவது காட்டினால் அந்த பாட்டில் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. பேக்கிங் பவுடர் எடுத்துவிடாதீர்கள், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். இந்த ஒரு சோதனையை அன்றைக்குச் செய்திருந்தால் அந்த அக்ரோபோரா இன்றைக்கும் இருந்திருக்கும்.

கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் சாதாரண சிரிஞ்சு கிட்டே போதும், ஆரம்பத்தில் வாரம் ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை. கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1300 பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாஸ்பேட்டில் மட்டும் நிறம் ஒப்பிடுகிற மலிவு கிட் வேண்டவே வேண்டாம். நாம் பார்க்க நினைப்பது 0.03-உம் 0.1-உம், அந்த அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த கட்டமே 0.25 என்றால் அதில் என்ன தெரியும்? இதற்கு மீட்டர்தான். அதிலும் ஹன்னாவில் ஒரு மாடல் பாஸ்பரஸை பிபிபி-யில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும், அதை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும், 20 வந்தால் பாஸ்பேட் 0.06 பிபிஎம். இன்னொன்று நேராக பாஸ்பேட்டையே காட்டும். வாங்கும்போது எது என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக் குப்பியில் கைரேகையோ ஒரு குமிழோ இருந்தாலும் எண் மாறும், துடைத்துவிட்டு வையுங்கள்.

நைட்ரேட்டுக்கு சாலிஃபெர்ட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. குறைந்த அளவுக்குக் குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து வருகிற எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். தொட்டி இன்னும் சைக்கிள் ஆகிக்கொண்டிருந்தால் (கழிவை மாற்றுகிற பாக்டீரியா வளர்கிற ஆரம்ப காலம்) நைட்ரேட் பார்க்காதீர்கள், நைட்ரைட் இருந்தால் அந்த டெஸ்ட் ஏகத்துக்கு ஏற்றிக் காட்டும்.

உப்புத்தன்மையைச் சொல்ல மறந்துவிட்டேன். உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தமான தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் ஒரு பங்கு) கரைசல் வாங்கி அதில் சரிசெய்யுங்கள். உப்பு தவறினால் காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம் எண்களும் கூடவே தவறும்.

இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன் (கிருமிநாசினி) இருப்பதால் ஆர்ஓ வைத்திருப்பவர்கள் மொத்தக் குளோரினைக் காட்டுகிற சோதனைப் பட்டையும் ஒரு டப்பா வாங்கி வையுங்கள். கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினாலும் கார்பன் ஃபில்டர் தீர்ந்துவிட்டதா என்பதை அது சொல்லாது.

"ஐசிபி-க்கு அனுப்பினா எல்லாம் வந்துடாதா அண்ணே?" என்றும் அந்தத் தம்பி கேட்டார். ஐசிபி என்றால் ஆய்வகத்தில் தண்ணீரில் இருக்கிற தனிமங்களை அளக்கிற முறை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அனுப்பலாம், வீட்டு கிட்டில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாத தாமிரம் மாதிரி உலோகங்களெல்லாம் அதில் வரும். காரத்தன்மையை மட்டும் அந்த முறையால் அளக்கவே முடியாது, சில ஆய்வகங்கள் தனியாகப் பார்த்துச் சேர்த்துத் தந்தாலும் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் நம் தொட்டி வேறு எண்ணில் இருக்கும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், அதே சிரிஞ்சோடு நான் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று 8.1.