இடது முன்கதவு

12 அக்டோபர் 2024, சனி

அப்பாவின் வேட்டி நனைந்துவிட்டது. தக்கலை தாண்டும்போதுதான் கவனித்தேன். கதவின் உட்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கி இருக்கையின் ஓரம் முழுவதும் ஈரம். குலசேகரத்திலிருந்தே நனைந்துகொண்டு வந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டயாலிசிஸுக்கு முன் அப்பாவின் எடை 61.6.

13, ஞாயிறு

கதவைத் திறந்துவைத்து பீடிங்கை, கதவோரத்து ரப்பர் பட்டையை, விரலால் தடவிப் பார்த்தேன். மேல்வளைவில் ரப்பர் வெளுத்துப் பொடிப்பொடியாக விரலில் ஒட்டுகிறது. மூலையில் குறுக்குவாட்டில் மெல்லிய வெடிப்புகள். கீழே, காலை வைத்து ஏறும் இடத்தில், குழாய்போல் உப்பி நிற்க வேண்டியது தட்டையாகிக் கிடக்கிறது. 2008-இல் வாங்கிய வண்டி. பதினாறு வருடமாகக் கதவு அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

போன வருடம் அதில் வாசலின் தடவியது நான்தான். யாரோ சொன்னார்கள், தடவினேன், மினுமினுத்தது, எனக்கும் திருப்தியாக இருந்தது. வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கதவு பீடிங்குக்குப் போடும் ரப்பர் வெயிலைத் தாங்கும், ஓசோனைத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. குடித்து ஊதி நெகிழ்ந்துபோகும். மேல்வளைவில் ஓரிடம் அலையலையாக இருப்பது என் கைங்கரியம். மண்ணெண்ணெய், டீசல், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாமே இதற்கு ஆகாதவை. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். இந்த ஒரு வருடத்தில் கேட்காமல் செய்தவை எத்தனை.

15, செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக இன்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஜூன் மழையே இன்னும் விட்டபாடில்லை.

உள்ளே அப்பாவுக்கு டயாலிசிஸ், நான்கு மணி நேரம். வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி நான்கு கதவுகளையும் திறந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் ஷாம்பு சில துளிகள், பழைய பனியன் துணி. துடைக்கத் துடைக்கக் கறுப்பு. மடிப்புக்குள் மணல், எறும்பு முட்டை, கசங்கிய ரப்பர் இலை. பீடிங்கின் உதட்டைத் தூக்கி உள்ளேயும் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் மணல்தான் ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் ரப்பரை அரைக்கிறது. பிறகு காய வேண்டும். ஈரத்தின்மேல் எதையும் பூசக் கூடாது. வெயில் வரவில்லை. காகிதத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

முடிந்தபோது 59.1.

17, வியாழன்

சிலிக்கோன் கிரீஸ் கிடைத்தது. பட்டாணி அளவு எடுத்து விரலால் மெல்லப் பூச வேண்டும். கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்; விட்டால் தூசியைக் கூட்டிக்கொள்ளும். பனி உறையும் நாடுகளில் கதவு ஒட்டிக்கொள்ளாமலிருக்க இதைப் பூசுகிறார்களாம். எனக்கு மழைக்காக. முன்கண்ணாடியில் பட்டுவிடக் கூடாது, வைப்பர் ஓடும்போது படலமாகித் தெரு மறையும். ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, அங்கும் கிரீஸ் கூடாது. அதை ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன்.

வெளுத்த ரப்பர் கறுத்தது. விரலில் பொடி ஒட்டவில்லை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

18, வெள்ளி

அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "இது நம்ம மரத்து ரப்பரா, மக்களே?" என்று கேட்டார். இல்லை அப்பா, இது எண்ணெய்க் கிணற்றிலிருந்து வருவது, ஆலையில் செய்வது என்றேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. நாற்பது வருடம் பால் வெட்டிய கை. சிரட்டையில் இறங்கும் பாலைப் பார்த்தே நாளை மழையா என்று சொல்வார்.

ஷீட்டை இழுத்துக் கட்டி வெயிலில் போட்டால் குறுக்கே வெடிக்கும், தளர்வாகப் போட்டால் அவ்வளவாக வெடிக்காது என்றார். காற்றில் இருக்கும் ஓசோன் மரத்து ரப்பரை அப்படித்தான் அறுக்கும், இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் அறுக்கும். அவர் ஓசோன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. கண்டிருக்கிறார்.

அப்பா குடிக்கும் தண்ணீருக்கு டம்ளரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்று கோட்டுக்கு மேலே கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

19, சனி

மறுபடியும் நனைந்தது. அதே இடம்.

20, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை.

22, செவ்வாய்

தக்கலை மெக்கானிக், பின்கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கோனை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்றார். தகட்டில் துளி பட்டாலும் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகுமாம். பெயின்ட் அடிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. அப்பா உட்காரும் இடம் நனையாமல் இருந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

இரவு அப்பா தூங்கவில்லை. கால் அரிக்கிறது என்றார். தேய்த்துவிட்டேன். இருட்டில் அவரே பேச ஆரம்பித்தார்: "மரத்துல பட்டை நனையுற இடத்துலயா ஓட்டை இருக்கும்? மேல போய்ப் பாரு." மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றி, தாரால் ஒட்டி, ரெயின் கார்டு கட்டுவார். எங்காவது நூலளவு இடைவெளி இருந்தால் தண்ணீர் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து வேறெங்கோ வெட்டில் இறங்கிப் பட்டையை அழுகவைக்கும். நான் நனைந்த இடத்தையே பத்து நாளாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

23, புதன்

அம்மா வெளியே நின்று குவளையால் ஊற்ற, நான் உள்ளே டார்ச்சுடன். முதலில் கீழே, பிறகு கொஞ்சம் மேலே, அதற்கும் மேலே. கிரீஸ் போட்ட பீடிங் சொட்டுக்கூட விடவில்லை. ஜன்னல் கண்ணாடியின் அடிப்பட்டைக்குமேல் ஊற்றியதும் கதவுக்குள் சலசலப்பு. அந்த வழியாகத் தண்ணீர் கதவுக்குள் போவது குற்றமில்லை, எல்லா வண்டியிலும் போகும். கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன, அவை வழியாக வெளியேறிவிட வேண்டும். குனிந்து பார்த்தேன். மூன்று துளைகளும் அடைத்துக் கிடந்தன. மண்ணும் வாசலினும் கலந்து தார்போல.

ஈர்க்குச்சியால் குத்தினேன். கலங்கல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. திண்ணையிலிருந்து அப்பா, "எவ்வளவு இருக்கும்?" என்றார். அரை லிட்டர் இருக்கும் என்றேன்.

"எனக்கு ஒரு நாளைக்கு உள்ளதுல பாதி" என்றார்.

24, வியாழன்

நனையவில்லை. சாரல்தான், ஆனாலும் நனையவில்லை. 61.2.

26, சனி

நல்ல மழை. ஒரு கோடு ஈரம். மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும், கதவுக்குள் வரும் தண்ணீர் இந்தப் பக்கம் வராமல் தடுக்க. கீழ்ப்பாதி பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. புதுத் தாளைக் கறுப்புப் பசையால் ஒட்டினார். அப்பா வண்டிக்குள் இருந்தபடியே கையை நீட்டிப் பசையைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, முகர்ந்து பார்த்தார். "சேர்த்து அமுக்கு. மூலையில இன்னும்" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது.

29, செவ்வாய்

காத்திருக்கும் நேரத்தில் டோக்கன் சீட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். பிடித்து இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். மேலே இறுக்கம். பக்கத்தில் இறுக்கம். கீழே, ஏறும் இடத்தில், தடையே இல்லாமல் வருகிறது. எட்டு முறை பார்த்தேன். அமுங்கிப்போன ரப்பர் எந்த கிரீஸுக்கும் எழுந்திருக்காது. வறண்டதை மீட்கலாம், அமுங்கியதை மாற்றத்தான் வேண்டும். புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன்.

31, வியாழன்

தீபாவளி. ஆனாலும் வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாள்.

2 நவம்பர், சனி

வரமாட்டேன் என்றார். காலை ஐந்தரைக்கு எழுப்பினேன், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா கெஞ்சினாள். அண்ணன் போனில் சத்தம் போட்டான். நான் வண்டியைக் கிளப்பி, அணைத்து, மறுபடியும் கிளப்பினேன்.

பிறகு நான்கு கதவுக்கும் இன்னொரு முறை கிரீஸ் பூசினேன். தேவையில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

3, ஞாயிறு

வீட்டுத் தராசில் 62.8. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ஐஸ் கட்டி ஒன்று கேட்டார். கொடுத்தேன். கணக்கில் எழுதவில்லை.

இரவு முழுக்க மழை. மூன்று மணிக்குக் குடையுடன் போய் இடது முன்கதவைத் திறந்து இருக்கையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

4, திங்கள்

கடையிலிருந்து போன், பீடிங் வந்துவிட்டதாம். பிறகு வருகிறேன் என்றேன்.

அப்பா சட்டை கேட்கிறார்.